நாகர்கோவில் லைன் போய்ட்டு வந்தா மட்டும் இடுப்பு பிடிக்குது, என்ன பண்ண?

பாளையங்கோட்டைக்காரன்:
மெடிக்கல் ரெப் வேலை, வயசு 36. வண்டி 125 சிசி, ஆறு வருசமாச்சு. வாரத்துல தென்காசி ஒரு நாள், கோவில்பட்டி ஒரு நாள், நாகர்கோவில் ஒரு நாள். முதல் ரெண்டும் போய்ட்டு வந்தா அலுப்போட சரி. நாகர்கோவில் அன்னைக்குத்தான் வள்ளியூர் தாண்டினதும் இடுப்புல வலது பக்கம் பிடிக்குது. திரும்பி வரும்போது நாங்குநேரில இறங்கி நின்னாத்தான் முதுகு நிமிருது. சாயங்காலம் மக ஓடி வந்து தூக்கச் சொன்னா குனியவே பயமா இருக்கு. இடுப்பு பெல்ட் வாங்கலாமா, இல்ல வண்டியையே மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பணகுடி மேலக்காத்து:
அந்த ரோட்டுலதான் தெனமும் போறேன். பணகுடில இருந்து முப்பந்தல் வரைக்கும் காத்தாடிய சும்மா நட்டு வைக்கல அண்ணாச்சி. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேலக்காத்து மலை இடுக்குல புகுந்து வரும், ஆடியில கேக்கவே வேண்டாம். பக்கவாட்டுல தள்ளுற வண்டிய நேராப் பிடிக்க நம்மளை அறியாம ஒரு பக்கமா உடம்பை இறுக்குதோம். 80ல போனா அந்த இறுக்கம் ரொம்பக் கூடும். காவல்கிணறு விலக்கு தாண்டினதும் 50க்கு இறக்குங்க, முட்டிய டேங்க்ல ஒட்டிப் பிடிங்க, கையை லூசா விடுங்க. கிளம்புறதே விடியக்காலைல கிளம்பிருங்க, காத்து கொஞ்சம் அடங்கி இருக்கும்.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி:
தம்பி, வண்டிய மாத்த வேண்டாம். நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. பர்ஸ் எந்தப் பாக்கெட்ல? சாம்பிள் பை எங்க மாட்டுதீங்க? பின் ஷாக் அப்சர்பர் ஸ்பிரிங் இறுக்கம் எத்தனாவது படில இருக்கு? பின் டயர்ல காத்து எவ்வளவு?

பாளையங்கோட்டைக்காரன்:
பர்ஸ் பின்னாடி, வலது பாக்கெட். பை முதுகுல. நாகர்கோவில்ல கடை அதிகம், அன்னைக்கு எட்டு கிலோ வரைக்கும் வரும். ஷாக் கடைசிப் படி. போன வருசம் வீட்டுக்காரி, பிள்ளையோட திருச்செந்தூர் போகையில ஏத்தினது, அப்படியே விட்டுட்டேன். காத்து பங்க்ல அடிக்கதுதான், இப்ப பாத்தா 40 காட்டுது.

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி:
உங்க வலிக்குக் காரணம் முக்கால்வாசி இதுலயே இருக்கு. பின் பாக்கெட்ல பர்ஸை வச்சு ஒன்றரை மணி நேரம் உக்காந்தா இடுப்பெலும்பு ஒரு பக்கம் தூக்கிக்கும், முதுகு வளைஞ்சு அதை ஈடு கட்டும். வலி வலது பக்கம்னு நீங்களே சொல்லுதீங்க. பர்ஸை இன்னைக்கே சட்டைக்கு மாத்துங்க.

மூணு பேருக்கு வச்ச ஸ்பிரிங், ஒத்த ஆளுக்கு அமுங்கவே அமுங்காது. பள்ளத்துல விழுற அடி நேரா முதுகெலும்புக்குத்தான் போகும். ஸ்பிரிங்குக்கு அடியில வளையம் இருக்கும், கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருப்பி ரெண்டாவது படிக்கு இறக்குங்க. ரெண்டு பக்கமும் ஒரே படி இருக்கணும், இதுல அசட்டையா இருந்துராதீங்க. டயருக்கு எவ்வளவு காத்துன்னு செயின் கவர்ல ஸ்டிக்கர் இருக்கும். ஒருத்தர் போக ஒரு அளவு, ரெண்டு பேருக்கு ஒரு அளவு. டயர் சூடாகுறதுக்கு முன்னாடி காலைல பிடிங்க.

அடுத்து சீட்டு. உள்ளங்கையால அழுத்திப் பாருங்க, அடித்தகடு தட்டுப்பட்டா ஃபோம் செத்துப்போச்சு. குஷன் கடைல கெட்டி ஃபோம் கேளுங்க. மெத்துன்னு இருக்குன்னு மயங்காதீங்க, பஞ்சு மாதிரி இருந்தா அரை மணி நேரத்துல அமுங்கிரும். ஹேண்டில் பிடிக்கையில முழங்கை லேசா மடங்கணும். கை விறைப்பா நீண்டு இருந்தா ஹேண்டில் கிளாம்ப் போல்டை லூஸ் பண்ணி ஒரு விரக்கடை பின்னுக்குத் திருப்பலாம். பெறவு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. கேபிள் இழுக்கக் கூடாது, டேங்க்ல இடிக்கக் கூடாது.

பையை முதுகுல இருந்து இறக்கி, பின் சீட்டுல ரப்பர் கயிறு போட்டுக் கட்டுங்க.

பிசியோ அக்கா:
தம்பி, வலி முழங்காலுக்குக் கீழ இறங்குதா? காலு மரத்துப் போகுதா?

பாளையங்கோட்டைக்காரன்:
இல்லக்கா, இடுப்போட நிக்குது.

பிசியோ அக்கா:
அப்ப பயம் வேண்டாம். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. காலுல பலம் குறைஞ்சாலோ, தொடை இடுக்குல உணர்ச்சி மரத்தாலோ, மூத்திரம் அடைச்சாலோ அடக்க முடியாமப் போனாலோ ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. பெல்ட் வேணும்னா கொஞ்ச நாள் வண்டி ஓட்டும்போது மட்டும் போடுங்க, நாள் முழுக்க வேண்டாம். வலிக்க முன்னாடியே இறங்கணும்: வள்ளியூர்ல ஒரு தடவை, தோவாளைல ஒரு தடவை. ரெண்டு கையையும் இடுப்புல வச்சு மெதுவா அஞ்சாறு தடவை பின்னால சாயுங்க. காலுக்கு வலி இறங்கினா அதை உடனே நிறுத்திருங்க.

பாளையங்கோட்டைக்காரன் (மூணு வாரம் கழிச்சு):
பர்ஸ், ஷாக், காத்து, பை நாலையும் முதல் வாரமே மாத்திட்டேன். சீட்டு போன ஞாயித்துக்கிழமைதான் தச்சு வந்துச்சு. நேத்து நாகர்கோவில் போய்ட்டு வந்தேன், இடுப்பு பிடிக்கவே இல்ல. முப்பந்தல் காத்துல வலது தோள் மட்டும் இன்னும் கடுக்குது. ஹேண்டிலை இன்னும் திருப்பல அண்ணாச்சி, சனிக்கிழமை வண்டியக் கொண்டு வரட்டுமா?

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி:
பத்து மணிக்கு மேல வாங்க தம்பி. பையையும் கட்டிட்டு வாங்க, நீங்க உக்காருறதைப் பாத்துத்தான் திருப்பணும்.