கதவில் சொத்துவரி நோட்டீஸ்: ஒழுங்காகக் கட்டியும் நிலுவையா? அவசர உதவி

ஆற்றங்கரையான்
ஊர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகக் குடியிருப்பவர் படம் அனுப்பியிருக்கிறார். பதினைந்து நாளில் நிலுவையைக் கட்டாவிட்டால் நடவடிக்கையாம். தவணை தவறாமல் இணையத்தில் கட்டுகிறேன். ஏப்ரலிலேயே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகை வாங்கியவன் நான்! யாரைப் பார்ப்பது?

மாடப்புறா
எந்த ஊர் சார்? ஊராட்சி என்றால் வீட்டு வரி ஆண்டுக்கொரு முறை. நகராட்சி, மாநகராட்சி என்றால் அரையாண்டுக் கணக்கு. நோட்டீஸில் எந்த அரையாண்டு என்று இருக்கிறது? யார் பெயருக்கு?

கணக்குப்பிள்ளை
இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? 2022-இல் வரியைக் கூட்டினார்கள். இவர் பழைய தொகையையே கட்டியிருப்பார். வித்தியாசம்தான் நிலுவை. அடித்துச் சொல்கிறேன்.

மாடப்புறா
இணையத்தில் திரை காட்டும் தொகையைத்தானே கட்ட முடியும்? பழைய தொகை எங்கிருந்து வரும்?

வடக்குவாசல்
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது. விவரம் சொல்லாமல் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆற்றங்கரையான்
மன்னிக்கவும், பதற்றம். நகராட்சி. அப்பா பெயருக்கு வந்திருக்கிறது. அவர் 2019-இல் காலமானார். பட்டா என் பெயரில்தான் இருக்கிறது.

வடக்குவாசல்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பட்டா தாசில்தார் அலுவலகத்தின் வேலை, சொத்துவரி நகராட்சியின் வேலை. அங்கே மாற்றினால் இங்கே தானாக மாறாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடைசி ரசீது வைத்துப் பெயர் மாற்றத்துக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
இறந்தவர் பெயருக்கு வந்த நோட்டீஸ் செல்லாது. கிழித்துப் போடுங்கள்.

தென்னந்தோப்பு
தயவுசெய்து கிழிக்காதீர்கள் சார். ஆள் போனாலும் கட்டடம் நிற்கிறதே, வரி அதன்மேல்தான். வாரிசு கட்டியாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை
அப்படியென்றால் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். சினிமா போஸ்டர் மாதிரி கதவில் ஒட்டுவது எந்த ஊர் மரியாதை? குடியிருப்பவர் முன்னால் மானம் போகிறதல்லவா?

தென்னந்தோப்பு
வெளியூரில் இருப்பவர் முகவரி பில் கலெக்டருக்கு எப்படித் தெரியும்?

புதுஎண்
குறுஞ்செய்தியும் பழைய எண்ணுக்கே போகிறது. நான் வாங்கிய சிம் முன்பு வேறொருவருடையது. யாரோ ஒருவரின் வரி நிலுவைச் செய்தி மூன்று ஆண்டுகளாக எனக்கு வருகிறது. எனக்குச் சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லை.

மாடப்புறா
ஆற்றங்கரையான் சார், நோட்டீஸில் உள்ள வரிவிதிப்பு எண்ணை உங்கள் ரசீதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். எண்ணை இங்கே போட வேண்டாம். மாடியைப் பிறகு கட்டினீர்களா?

கணக்குப்பிள்ளை
மாடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 2022 உயர்வுதான்.

*(நான்கு நாள் கழித்து)*

ஆற்றங்கரையான்
எண் வேறு. மாடிக்குத் தனி வரிவிதிப்பாம், அதை அப்பா நேரில் போய்க் கட்டிவந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. வட்டியோடு கட்டிவிட்டேன். நன்றி.

தென்னந்தோப்பு
வட்டி மாதம் 1 சதவீதமா? எந்த ஆண்டிலிருந்து போட்டார்கள்? எங்கள் வீட்டுக்கும் இதே கதைதான்.

தென்னந்தோப்பு
சார்?

புதுஎண்
பெயர் மாற்றும்போது கைபேசி எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். எனக்கு இன்று காலையும் ஒன்று வந்தது.