புதுப்பிப்பு: டிரையரின் கீச்சொலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது

துணி உலர்த்தும் டிரையர் ஓடும்போது கீச் கீச்சென்று கத்துகிறது, சூடேறச் சூடேறச் சத்தம் கூடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்திருக்கும் என்று பலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, டிரம்மைக் கையால் சுற்றினேன். சத்தமே இல்லை. அப்புறம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பியை விரலால் சுழற்றினேன். சொரசொரவென்று இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது, அச்சில் ஆட்டமும் இருந்தது. சரி, இதுதான். கப்பியை மாற்றினேன், பெல்ட்டின் ஓரம் பிசிறு விட்டிருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். புதுப் பெல்ட் மடிந்திருந்த இடத்தால் முதல் ஓட்டத்தில் லேசாகத் தொம் தொம்மென்றது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. நான்கு முறை ஓட்டியாயிற்று, கீச்சொலி வரவில்லை.

எண்ணெய் விடச் சொன்னவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். பஞ்சுத்தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் தீப்பிடிக்கவும் கூடும். மோட்டாரைச் சுற்றி அடைந்திருந்த பஞ்சைப் பார்த்து உண்மையிலேயே பயந்துவிட்டேன். எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் மூடினேன்.

உருளைகளைச் சோதிக்கச் சொன்னதால்தான் பெல்ட்டையே கழற்றினேன். அதற்கு மனமார்ந்த நன்றி.