ஃபஸ் பெடலுக்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் எங்க கிடைக்கும்?

வணக்கம் மக்களே, கிட்டார் சவுண்டை கரகரன்னு ஆக்குற பழைய ஃபஸ் ஃபேஸ் பெடல் ஒண்ணு ரிப்பேருக்கு வந்திருக்கு, உள்ள ரெண்டு என்கேடி 275 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், அதுல முதல் டிரான்சிஸ்டர் அவுட், ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு. ஒரிஜினல் என்கேடி 275-க்கு சொல்ற விலையக் கேட்டா தலை சுத்துது, அதுலயும் பேரை மட்டும் அச்சடிச்சு விக்கிற டூப்ளிகேட் வேற, அதனால அந்தப் பக்கமே போகல.

அதுக்குப் பதிலா ஏசி 128 போட்டா சவுண்டு கிட்டத்தட்ட வந்துடும், அதுவும் இதே மாதிரி பிஎன்பி வகை ஜெர்மானியம் தான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுல அவுட்புட் ஸ்டேஜ்ல ஜோடியா இருக்குமே, அதேதான், நம்ம பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி செஞ்சது கூட உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயோ வேற எங்கயோ பழைய ஸ்டாக் வச்சிருக்கிற கடை யாருக்காச்சும் தெரியுமா? ரேடியோ மெக்கானிக் டப்பால கிடந்தாலும் ஓகே.

கெயின், அதாவது கரண்டை எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது, 70 பக்கம் வேணும். மல்டிமீட்டர்ல கெயின் காட்டுற ஹெச்எஃப்இ ரீடிங் மட்டும் அனுப்பாதீங்க ப்ளீஸ், அது டிரான்சிஸ்டர்ல சும்மாவே கசியுற லீக்கேஜ் கரண்டையும் சேர்த்து கெயினா காட்டும், விரலால பிடிச்சாலே சூட்டுல ரீடிங் ஏறிட்டே போகும் பாருங்க. 9 வோல்ட் குடுத்து பேஸை ஓபனா விட்டு கலெக்டர்ல எவ்ளோ கரண்ட் ஓடுதுன்னு பாருங்க, அதான் லீக்கேஜ், 200 மைக்ரோ ஆம்பியருக்குள்ள இருந்தா எனக்குப் போதும்.

அப்புறம் ரஷ்யன் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் எம்பி 42 போட்டவங்க யாராவது இருக்கீங்களா, சென்னை வெயில்ல பயாஸ் (டிரான்சிஸ்டருக்கு செட் பண்ற வோல்டேஜ்) மாறாம நிக்குதா? பிசி 108 போடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது சிலிக்கான், என்பிஎன் வேற, போலாரிட்டியே மாத்தணும், சவுண்டும் காதைக் குத்தும்.