‘சுயேச்சையா நிக்கிறேன்’ என்று மிரட்டிய சொந்தக்காரர் உங்களுக்கும் உண்டா?

தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் சித்தப்பா அடித்த கூத்து இது. ஊர் தஞ்சாவூர் பக்கம் ஒரு பேரூராட்சி. கட்சிக்கு இருபது வருடம் கொடி கட்டியவர், வார்டு தனக்குத்தான் என்று நம்பி நோட்டீஸ் வரைக்கும் அடித்துவிட்டார். பட்டியல் வந்தால், வார்டு கூட்டணிக்குப் போயிருந்தது.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் 4ஆம் தேதி. ஆயிரம் ரூபாய் டெபாசிட் கட்டிச் சுயேச்சையாக மனு போட்டுவிட்டு, இரவு எனக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். நான் இருப்பது சிங்கப்பூரில், அப்போதுதான் வேலை முடிந்து யீஷூன் வீட்டுக்குள் நுழைகிறேன்.

“தம்பி, ஒரு ஐந்நூறு வெள்ளி அனுப்புடா.”

“ஜெயிச்சிடுவீங்களா சித்தப்பா?”

“நான் எதுக்குடா ஜெயிக்கணும்? நம்ம தெருவுல நூத்தம்பது ஓட்டு. அதைப் பிரிச்சா அவன் காலி. இது மேல இருக்கிறவங்களுக்கும் தெரியும்.”

மனுஷன் ஒரு வீட்டிலும் ஓட்டுக் கேட்கவில்லை. செல்லை அணைத்துவிட்டு மாமனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். முதல் நாள் பேரூர் நிர்வாகி வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். மறுநாள் அவருக்கு மேலே இருப்பவர், சத்தமில்லாமல். 7ஆம் தேதி வாபஸ் வாங்கக் கடைசி நாள், மூன்று மணி வரை, சிங்கப்பூரில் நமக்கு ஐந்தரை. அன்று பெரியவரே காரில் வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்தாராம். அங் மோ கியோ தாண்டி ரயிலில் வரும்போது போன். “எழுதிக் கொடுத்துட்டேன்டா.” என்ன கிடைத்தது என்று கேட்டேன். “கவனிச்சுக்கிறோம்னு சொல்லியிருக்காங்க.”

*

அண்ணே, அந்த வித்தை இங்கே சிங்கப்பூரில் எடுபடாது. 2025 பொதுத் தேர்தலுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்சிக்கு நான் துண்டுப் பிரசுரம் கொடுத்துத் திரிந்தேன். அங்கே ஒருவர், கேட்ட இடம் கிடைக்காத கோபத்தில், காப்பிக்கடையில் வைத்து “தனியா நிக்கிறேன்” என்றார். தலைவர் தே சீ டீயைக் கலக்கிக்கொண்டே, “டெபாசிட் கட்டப் பதிமூவாயிரத்து ஐந்நூறு வெள்ளி கையில இருக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. அவர் குறி வைத்திருந்ததோ குழுத்தொகுதி. அங்கே நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்துதான் நிற்க முடியும், அதில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவர். தனி ஆளுக்கு மிச்சம், ஒரே ஆள் நிற்கிற 15 தனித்தொகுதிகள். 12.5 விழுக்காடு வாங்காவிட்டால் வைப்புத்தொகையும் போச்சு. ராடின் மாஸில் நின்ற சுயேச்சைக்கு அப்படித்தான் போனது. மவுண்ட்பேட்டனில் நின்றவர் 36 விழுக்காடு வாங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் யாரையும் மிரட்ட நிற்கவில்லையே!

*

ஜெயித்த பிறகும் இங்கே மிரட்ட வழியில்லை. கட்சியை விட்டு விலகினாலோ, கட்சி நீக்கினாலோ எம்.பி. பதவியே போய்விடும், அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 2012இல் ஹவ்காங் இடைத்தேர்தல் வந்ததே அதனால்தான். ஊரில் என் மச்சான் அதே 2022இல் கவுன்சிலராக ஜெயித்தபின், மார்ச் 4 தலைவர் தேர்தலில் கூட்டணிக்கு ஒதுக்கிய பதவிக்கே போட்டி போட்டார். தலைமை ராஜினாமா செய்யச் சொன்னது. இன்றைக்கு வரை வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.

*

ஐந்நூறு வெள்ளி என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு: வரவில்லை. போன பொங்கலுக்குப் போனபோது சித்தி அந்த நோட்டீஸ் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கட்டு பாக்கி இருக்கிறதாம்.