விலைச்சீட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

சிகாகோ புறநகரிலிருந்து:

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மலிவு விலைக் கடையில்தான் எங்கள் வாரச் சாமான் எல்லாம். கடையின் பெயர் வேண்டாம். பத்து வருடமாகப் போகிறேன். விலை குறைவு என்ற நம்பிக்கையில் பில்லை ஒரு நாளும் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் கடலை எண்ணெய் பெரிய பாட்டிலா, சின்னதா என்று கேட்டு என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். படத்தில் ஷெல்ஃப் விலைச்சீட்டும் விழுந்திருந்தது: 8.97 டாலர். வீட்டுக்கு வந்து பில்லைப் பிரித்தால் 9.74. மற்ற சாமானையும் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. தயிர் என்ன விலை போட்டிருந்தது, சோப்புத்தூள் என்ன விலை? எதுவும் ஞாபகத்தில் இல்லை. அடுத்த வாரம் வாங்கிய பன்னிரண்டு சாமானுக்கும் விலைச்சீட்டைப் படம் எடுத்தேன். மூன்றில் பில் விலை கூடுதல். மொத்தம் 1 டாலர் 62 சென்ட். ஒன்றில்கூடக் குறைவாக இல்லை.

படத்தைக் காட்டிக் கேட்டதும் கவுன்ட்டரில் இருந்த பெண் மறுபேச்சில்லாமல் வித்தியாசப் பணத்தைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த வாரமும் அதே பழைய விலைச்சீட்டு அங்கேயே தொங்கியது. கேட்டவளுக்குத் திருப்பித் தந்தார்கள், கேட்காதவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

இதைப் பற்றித் தேடியபோதுதான் வால்மார்ட் மேல் போடப்பட்ட வழக்கு கண்ணில் பட்டது. இங்கே பக்கத்தில் நைல்ஸ் ஊர்க் கடையில் 2022-ல் ஒருவர் 15 சாமான் வாங்கியிருக்கிறார். ஆறில் விலை கூடுதல், வித்தியாசம் மொத்தம் 1 டாலர் 89 சென்ட் என்று வழக்குப் போட்டார். 'ரசீதில்தான் சரியான விலை இருக்கிறதே, இதில் ஏமாற்று எங்கே' என்று கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2024 ஜூலையில் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (எங்கள் பகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) அதை மாற்றி வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது. பணம் கட்டிய பிறகு கைக்கு வருகிற ரசீது முன்பே நடந்த ஏமாற்றைச் சரிசெய்துவிடாது, ஒவ்வொரு விலையையும் ஞாபகம் வைத்து ஒப்பிடுவது வாங்குகிறவரின் வேலை இல்லை என்பதுதான் அதன் சாரம். வழக்கு நடக்கலாம் என்று மட்டும்தான் தீர்ப்பு, வால்மார்ட் குற்றம் செய்தது என்று இல்லை. இருந்தாலும் தயிர் விலை ஞாபகம் வராமல் உட்கார்ந்திருந்த எனக்கு அதைப் படித்ததும் பெரிய ஆறுதல்.

மிச்சிகனிலிருந்து:

எங்கள் மாநிலத்தில் இதற்கென்றே 2011-ல் ஒரு சட்டம் வந்தது. ஸ்கேனர் கூடுதல் விலை எடுத்தால், பில்லோடு 30 நாளுக்குள் கடையில் சொல்ல வேண்டும். வித்தியாசத்தோடு அதன் பத்து மடங்கும் தர வேண்டும், அந்த மடங்குத் தொகை குறைந்தது 1 டாலர், அதிகம் 5 டாலர். நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை கவுன்ட்டரில் இருந்த பையனுக்கே சட்டம் தெரியவில்லை, மேனேஜர் வந்துதான் கொடுத்தார்.

பென்சில்வேனியாவிலிருந்து:

நீங்கள் வாங்குகிறவர் பக்கம் சொன்னீர்கள், நான் வேலை பார்த்தவள் பக்கம் சொல்கிறேன் அக்கா. 2011-ல் ஒரு பெரிய கடையின் பின்கட்டில் இரவு வேலை. கிளாக் அவுட் செய்து, அதாவது வேலை முடிந்த நேரத்தைப் பதிவு செய்து, கோட்டைப் போட்ட பிறகு, 'இந்த ஒரு பாலெட்டை (சாமான் அடுக்கிய பலகை) மட்டும் பிரித்து வைத்துவிட்டுப் போ' என்பார் சூப்பர்வைசர். இருபது நிமிடம் ஆகும், சில நாள் நாற்பது. வெளியே காரில் கணவரும் தூங்கிப்போன குழந்தையும் காத்திருப்பார்கள். நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்த வார ஷிப்ட் குறையுமோ என்ற பயம். அந்த நிமிடங்களை எழுதி வைக்கவும் இல்லை.

நான் இருந்தது வேறு நிறுவனம். ஆனால் இதே விஷயத்துக்கு எங்கள் மாநிலத்தில் வால்மார்ட்டை எதிர்த்துப் பெரிய வழக்கே நடந்தது. 1998 முதல் 2006 வரை வேலை பார்த்த சுமார் 1,87,000 பேருக்காக. கிளாக் அவுட்டுக்குப் பிறகு வேலை வாங்கினார்கள், தருவதாகச் சொன்ன இடைவேளையைத் தரவில்லை என்று 2006-ல் பிலடெல்பியாவில் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த தீர்ப்புக் குழு) முடிவு சொன்னது. இங்கே 18 வயதைத் தாண்டிய ஊழியர்களுக்கு இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஆனால் ஊதியத்தோடு இடைவேளை உண்டு என்று நிறுவனத்தின் கையேட்டிலேயே இருந்தது. அந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டுதான் ஜெயித்தார்கள். வட்டி, வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து தொகை 15 கோடி டாலரைத் தாண்டியது. 2014-ல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்கவில்லை.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. கலிபோர்னியாவில் பிட்ஸ்பர்க் ஊர் வால்மார்ட்டில் வேலை பார்த்த பெட்டி டியூக்ஸ், பெண்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு என்று 2001-ல் மற்றப் பெண்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். சுமார் 15 லட்சம் பெண்களுக்காக. 2011-ல் உச்ச நீதிமன்றம் இத்தனை பேரும் ஒரே வழக்காக வர முடியாது என்றது. சம்பளத்தையும் பதவி உயர்வையும் அந்தந்தக் கடை மேனேஜர்களே முடிவு செய்ததால், எல்லாருக்கும் பொதுவான ஒரு காரணத்தைக் காட்டவில்லை என்றார்கள். பாகுபாடு நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அவர்கள் போகவே இல்லை. டியூக்ஸ் 2017-ல் இறந்துபோனார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

டெக்சாஸிலிருந்து:

எங்கள் ஊரில் ஒரு சின்ன மலிவுக் கடை. அவசர வழிக் கதவுக்கு முன்னால் என் தோள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். கடை முழுவதற்கும் ஒரே ஒரு பெண். நான் சொன்னதும், 'தெரியும் சார், எடுத்து வைக்க இன்னொரு ஆள் இல்லை' என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதே குறைக்காக டாலர் ஜெனரல் என்ற மலிவுக் கடை நிறுவனம் 2024 ஜூலையில் மத்தியத் தொழிலாளர் துறையோடு 1.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. அந்தச் சமரசத்தின்படி, வழி அடைபட்டிருப்பது தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு 1 லட்சம் டாலர், உச்சம் 5 லட்சம். ஆளைக் கூட்டாமல் பெட்டியை யார் நகர்த்துவது என்பதுதான் என் கவலை.

சிகாகோ, மறுபடி நான்தான்:

பென்சில்வேனியாத் தங்கை எழுதியதைப் படித்த பிறகு, இங்கே ஷிப்டில் இருக்கிற எல்லாரும் கிளாக் அவுட்டுக்குப் பிறகு வேலை பார்க்கிற நிமிடங்களைச் சின்ன நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ரசீதும் அப்படித்தான். எடை போட்டு விற்கிற இறைச்சி, மீன், பை ஆரஞ்சு இவற்றின் விலை பற்றிய வழக்கில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் வால்மார்ட் 4.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. ரசீது வைத்திருந்தவர்கள் 500 டாலர் வரை கேட்க முடிந்தது, இல்லாதவர்களுக்கு அதிகபட்சம் 25 டாலர்தான். இந்தப் பில் தாளில் எழுத்து சில மாதத்திலேயே வெளுத்துவிடுகிறது. கடலை எண்ணெய் பில்லில் இப்போதே பாதி தெரியவில்லை. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.