புத்தகம் வைக்கப் பழைய கண்ணாடி அலமாரி: வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

பாளை வாசகன்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம்தான் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் சொந்த வீட்டுக்கு வந்தோம். அப்பா தமிழாசிரியராக இருந்தவர், அவர் சேர்த்த புத்தகம் மட்டும் 400 இருக்கும், என்னுடையது ஒரு 200. எல்லாம் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துச் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு அலமாரி நின்றது. உயரம் 7 அடி, அகலம் 4 அடி, ஆழம் ஒன்றரை அடி, ரெண்டு கண்ணாடிக் கதவு, உள்ளே 5 தட்டு. பார்த்ததும் பிடித்துவிட்டது. அசல் பர்மா தேக்கு, நூறு வருஷத்துச் சாமான் என்று சொல்லி 45,000 கேட்கிறார்கள். கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை தெரிகிறது. வீட்டில் இரும்பு பீரோவே போதும் என்கிறார்கள். மரம் தெரிந்தவர்கள், புத்தகம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், எதைப் பார்த்து முடிவு செய்வது?

செங்கோட்டை மரவாடி

அண்ணாச்சி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மரத் தொழில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் அந்த "பர்மா" என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய தேக்கு எல்லாவற்றையும் பர்மா என்றுதான் விற்பார்கள். கேரளத்து நிலம்பூர்த் தேக்கும் இருக்கிறது, நம் மலைத் தேக்கும் இருக்கிறது, பாலிஷ் ஏறி இத்தனை வருஷம் ஆன பிறகு கண்ணால் பார்த்து ஊர் சொல்ல முடியாது. தேக்குதானா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பலாவிலும் அயினியிலும் செய்த சாமான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலா அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும், நாளாக நாளாகச் சிவந்து கறுத்துப் பழைய தேக்கு மாதிரியே ஆகிவிடும். கெட்ட மரம் இல்லை, ஆனால் தேக்கு விலை கொடுக்கக் கூடாது. தட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். தேக்கு என்றால் எண்ணெய்ப் பசையும், தோல் மாதிரி ஒரு வாசமும் வரும்.

அப்புறம் அந்த ஓட்டை. வைரம் பாய்ந்த தேக்கை அவ்வளவு சீக்கிரம் பூச்சி தொடாது, ஓரத்தில் இருக்கும் வெளிறிய மரத்தைத்தான் தின்னும், அதை நாங்கள் வெள்ளை என்போம். ஓட்டை பழசா, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே ஒரு வெள்ளைத் தாள் விரித்து அந்த இடத்தைத் தட்டுங்கள். மாவு மாதிரி புதுத்தூள் கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை ஊசியில் ஏற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு மெழுகால் அடைத்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

முன்பக்க அழகை விட்டுவிட்டு முதுகையும் அடியையும் பாருங்கள். முதுகில் பிளைவுட் இருந்தால் அது பெரும்பாலும் பிறகு மாற்றியதாக இருக்கும். மூலையில் புறா வால் வடிவப் பொருத்தும் (டவ்டெயில்), துளையில் செருகும் கழுந்தும் கையால் வெட்டியதென்றால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் அலை அலையாகத் தெரிகிறதா? அது பழைய கண்ணாடி, தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.

சந்திப்பு மீனா

தம்பி, நான் மரம் தெரிந்தவள் இல்லை, 30 வருஷமாகப் புத்தகம் வைத்திருப்பவள். ஒன்றரை அடி ஆழம் என்பது துணி வைக்கச் செய்த அலமாரி. நம் டெமி, கிரவுன் அளவுப் புத்தகத்துக்கு 9 அங்குலம் தாராளம். ஆனால் உங்களுக்கு 600 புத்தகம், 5 தட்டு என்றால் மொத்தம் 20 அடி, அடிக்கு 12 புத்தகம் என்றாலும் ஒற்றை வரிசையில் 240தான் போகும். அதனால் அந்த ஆழம் உங்களுக்கு வசதிதான், பின்வரிசைக்கு நாலு அங்குல உயரத்தில் ஒரு படி போட்டுவிட்டால் பின்னால் இருப்பதும் கண்ணில் படும். கண்ணில் படாத புத்தகத்தை யாரும் எடுக்க மாட்டார்கள்.

கால் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதைக் கட்டாயம் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணி பெருகியபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். துகள் பலகையில் செய்த புது அலமாரி ஊறி உப்பி அப்படியே உட்கார்ந்துவிட்டது, கீழ்த்தட்டுப் புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. மாமனாரின் தேக்கு அலமாரி ஒரு அடி உயரக் காலில் நின்றது, அதிலும் கீழ்த்தட்டு நனைந்தது, ஆனால் மரம் காய்ந்ததும் கதவு பழையபடி மூடியது. அன்றையிலிருந்து கீழ்த்தட்டில் நான் புத்தகமே வைப்பதில்லை.

வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஈரம் முதுகுப்பலகை வழியாக ஏறும். ரெண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். மேற்கு ஜன்னல் வெயில் விழுந்தால் புத்தகத்தின் முதுகு அட்டை எல்லாம் வெளுத்துப்போகும். நான் தட்டுக்கு ஒரு வசம்புத் துண்டு துணியில் கட்டி வைக்கிறேன், வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து போடுகிறேன்.

வக்கீல் வீட்டுப் பேரன்

ஒன்றிரண்டு சேர்க்கிறேன். நாலு அடித் தட்டில் ஒரு வரிசை வைத்தாலே 30, 40 கிலோ வரும், ரெண்டு வரிசை என்றால் யோசியுங்கள். தட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள், நடுவில் தொய்வு தெரியும். கொஞ்சமாகத் தொய்ந்திருந்தால் தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், நடுவில் ஒரு முட்டும் கொடுக்கலாம்.

தாத்தாவிடம் இருந்தது வேறு மாதிரி, பெட்டி பெட்டியாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது, கண்ணாடிக் கதவைத் தூக்கி உள்ளே தள்ளிவிடலாம். அமெரிக்காவில் சின்சினாட்டி ஊரின் குளோப் வெர்னிக் கம்பெனி விற்ற வகை அது. சின்ன மாடிப்படி உள்ள வீட்டுக்கு அதுதான் சரி, தனித்தனியாகத் தூக்கிப் போகலாம். உங்கள் 7 அடி அலமாரி வாசலில் நுழையுமா, படியில் திரும்புமா என்று டேப் வைத்து அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். மேல்முடி தனியாகக் கழன்று வருகிறதா என்றும் பாருங்கள்.

சுரண்டிப் புதுசாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் வையுங்கள், இளகினால் அரக்கு பாலிஷ். அதன் மேலேயே மெல்லிசாக இன்னொரு கை அரக்கு ஏற்றினால் போதும். அந்த நிறம் வர எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

பாளை வாசகன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று டார்ச்சும் நூலும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். சட்டமும் கதவும் தேக்கு, வாசம் நன்றாகவே வந்தது. தட்டுகள் பலா என்று கூட வந்த ஆசாரி சொன்னார். கால் 5 அங்குலம்தான். முதுகில் கீழ்ப்பலகை மட்டும் வெள்ளை, தட்டினால் தூள் கொட்டுகிறது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னதும் 34,000க்கு இறங்கினார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், அந்தக் கீழ்ப்பலகைக்குப் பதில் பிளைவுட் போடலாமா?

செங்கோட்டை மரவாடி

வேண்டாம் அண்ணாச்சி. அதே வீட்டில் பிரித்த கதவுப் பலகையோ மச்சுப் பலகையோ கிடக்கும், கேட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அத்தனை வருஷம் காய்ந்த மரம், இனி அவ்வளவாகச் சுருங்காது. காலுக்கு அடியில் கருங்கல் துண்டு நாலு வையுங்கள், சந்திப்பு அக்கா சொன்ன தண்ணீருக்கும் கரையானுக்கும் சேர்த்து. சுவரோடு ஒரு கிளாம்பும் அடித்துவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் தட்டில் ஏறுவார்கள்.