ஹிராப்பூர் யோகினி கோயில்: கூரை இடிந்ததா, கட்டவே இல்லையா?

குடியாத்தம் மேஸ்திரி:
முப்பது வருடமாகக் கொத்து வேலை செய்கிறேன், கோயில் வேலையும் உண்டு. போன மாதம் மகளைப் பார்க்கப் புவனேஸ்வர் போனபோது, மருமகன் பக்கத்தில் உள்ள ஹிராப்பூருக்கு அழைத்துப் போனார். 9ஆம் நூற்றாண்டு, யோகினிகள் என்ற அறுபத்து நான்கு பெண் தெய்வங்களின் கோயில் என்றார். நான் கோபுரத்தைத் தேடினேன். அங்கே வட்டமாக ஒரு மதில்தான் நிற்கிறது, நம் ஊர்க் கிணற்றுச் சுவரைப் பெரிதாக்கினாற்போல. ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

உள்ளே சுற்றிலும் மாடங்கள், மாடத்துக்கு ஒரு தேவி. மதில் மணற்கல், சிலைகள் கரிய நிறக் கல். ஒருத்திக்கு யானை முகம், ஒருத்திக்குப் பன்றி முகம். காலால் அளந்து பார்த்தேன், குறுக்கே சுமார் 25 அடி. நடுவில் ஒரு சிறு மண்டபம். மற்றபடி அண்ணாந்தால் வானம்தான்! தூண் வரிசை இல்லாமல் இந்த அகலத்துக்குக் கல் பாவ முடியாது. அப்படியென்றால் ஆரம்பத்திலேயே கூரை போடவில்லையா?

எங்கள் நிலத்துக் கன்னிமாரும் வேப்பமரத்தடியில் ஏழு கற்கள்தான். தாத்தா ஓலைக் கொட்டகை போடப் பார்த்தபோது, சாமி வந்து ஆடியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதுதான் நினைவுக்கு வந்தது.

பாலாற்றங்கரை:
போடவில்லை ஐயா. யோகினிகள் வானில் பறப்பவர்கள், இறங்கி வந்து சக்கரமாக அமர்வார்கள் என்பது நம்பிக்கை. வட்டமும் திறந்த வெளியும் அதற்காகத்தான் என்கிறார்கள். உறையூர் வெக்காளியம்மனுக்கும் கூரை கிடையாதே. ஆனால் எல்லா யோகினி கோயிலும் ஒரே அச்சு இல்லை. கஜுராஹோவில் நீள்சதுரம். ஜபல்பூர் பக்கத்துப் பேடாகாட்டில் வட்டம்தான், ஆனால் தேவிகள் இருக்கும் சுற்று மண்டபத்துக்குக் கூரை உண்டு, நடு முற்றம் மட்டும் திறப்பு. ஹிராப்பூரில் மதிலின் வெளிப்பக்கம் காத்யாயனிகள் என்ற ஒன்பது தேவிகள் இருப்பார்களே, பார்த்தீர்களா?

காவேரிப்பாக்கத்தான்:
அவ்வளவு தூரம் ஏன், நம் பக்கத்துக் காஞ்சிபுரத்திலும் 10ஆம் நூற்றாண்டு யோகினிகள் இருந்தார்கள். 1926இல் ழூவோ துப்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். இப்போது வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபோலிஸ் என்று ஆளுக்கொரு அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹிராப்பூர்க்காரிகள் நிற்பவர்கள், நம்மவர்கள் அமர்ந்த கோலம். கோயில் நிற்கவில்லை, அதனால் கூரை இருந்ததா என்று மேஸ்திரி அளந்து பார்க்க வழியில்லை.

குடியாத்தம் மேஸ்திரி:
வெளியே இருந்த ஒன்பது பேரை விட்டுவிட்டேனே! வெயிலில் கால் சுட்டது, நேரே உள்ளே ஓடிவிட்டேன். மருமகனிடம் போனில் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்புவார். கூரை இருந்த தடம் உண்டா என்று பார்க்க, மதில் உச்சியையும் கிட்டத்தில் எடுக்கச் சொன்னேன்.